லாண்ட்ரி பக்கம் மூன்று பேர்

நாங்கள் மூன்று பேரும் எம்.எஸ். படித்த டெக்சாஸ் ஊரில், கேம்பஸ் வாசலுக்கு எதிர்ச் சாரியில் ஒரு பப் உண்டு. மாணவர்களை நம்பியே நடக்கிற இடம். படித்த காலத்தில் அதற்குள் நாங்கள் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமைதோறும் அங்கே நடந்த க்விஸில் ஒரு வாரம் விடாமல் கலந்துகொண்டோம்.

பப்பை ஒட்டினாற்போல ஒரு லாண்ட்ரி இருந்தது. காசு போட்டால் ஓடும் வாஷிங் மெஷின்கள் ஒரு வரிசை, டிரையர்கள் ஒரு வரிசை. எங்கள் அபார்ட்மென்ட்டில் மெஷின் கிடையாது. வாரக் கடைசியில் லாண்ட்ரியில் இடம் கிடைக்காது என்பதால் செவ்வாய்க்கிழமை சாயங்காலத்தைத் துணி துவைக்கும் நேரமாக வைத்துக்கொண்டோம். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் அமெரிக்கச் சுவர். இந்தப் பக்கம் ஆணி அடித்தால் அந்தப் பக்கம் காலண்டர் மாட்டிக்கொள்ளலாம். டிரையர்மேல் ஏறி உட்கார்ந்து முதுகைச் சுவரில் சாய்த்தால், க்விஸ் நடத்துகிறவரின் மைக் குரல் எங்களுக்கென்றே பேசுவதுபோலக் கேட்கும். அவர் கேள்வி கேட்பார். உள்ளே இருப்பவர்கள் கத்துவார்கள். நாங்கள் அமைதியாகப் பதில் சொல்லிக்கொள்வோம். சரியாக வந்தவற்றை விரல் மடக்கி எண்ணிக்கொள்வோம். கடைசியில் ஜெயித்த டீமின் மதிப்பெண்ணை அவர் அறிவிக்கும்போது பெரும்பாலும் எங்களுடையது அதைவிட ஒன்றிரண்டு கூடவே இருக்கும். உள்ளே மணி அடித்துக் கொண்டாடுவார்கள். நாங்கள் துணி மடிக்கத் தொடங்குவோம்.

ஏன் உள்ளே போகவில்லை என்று என் மகள் ஒருமுறை கேட்டாள். அவளுக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை. அப்போது எங்கள் யூனிவர்சிட்டியில் தமிழ் பேசுகிறவர்கள் எல்லோரும் ஒரே வேனில் அடங்குவோம். பெண்கள் பப்புக்குப் போனால் பார்த்தவர்கள் ஊரில் போய்ச் சொல்லிவிடுவார்கள், பேர் கெட்டுவிடும் என்பது எங்கள் பயம். பார்த்தேன் என்று ஒருவர் சொல்ல வேண்டுமானால் அவரும் உள்ளே இருந்திருக்க வேண்டும் என்பது அன்றைக்கு எங்களுக்குத் தோன்றவே இல்லை. எங்கள் சீனியர் பையன்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். அவர்களில் ஒருவரைத்தான் நான் பின்னால் கல்யாணம் செய்துகொண்டேன். சுவர் வழியாக நான் கேட்ட குரல்களில் அவருடையதும் இருந்திருக்கும். எந்தத் தவறான பதில் அவருடையது என்பதில் மட்டும் எங்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

மற்ற இருவரின் பெயர் வேண்டாம். ஒருத்தி கலிபோர்னியாவில் சான் ரமோனில் இருக்கிறாள், இன்னொருத்தி நியூஜெர்சியில். எங்கள் பழைய வட்டாரத்தில் யாரையும் இப்போது ஊர்ப் பெயரால்தான் சொல்கிறோம், இங்கேயும் அப்படியே சொல்லிவிடுகிறேன். நான் டல்லாஸுக்கு வடக்கே ஆலனில் இருப்பதால் அவர்களுக்கு நான் ஆலன்.

சான் ரமோன் பெரிய கம்பெனியில் டைரக்டர். பத்து வருஷமாக என் பிறந்தநாளுக்கு ஒரு கட்டைவிரல் படம் மட்டும் அனுப்புவாள், அதுவும் ஒரு நாள் தள்ளி. அப்படிப்பட்டவள் போன வருஷம் செப்டம்பரில், வேலை நாள் காலையில், நான் மீட்டிங்கில் இருக்கும்போது போன் செய்தாள். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறிப்போய் எடுத்தேன்.

"ஃப்ரீயா இருக்கியாடி?" என்றாள்.

"இல்ல. சொல்லு."

"என்னை லே ஆஃப் பண்ணிட்டாங்க."

மீட்டிங்கிலிருந்து எழுந்து வெளியே வந்தேன். அவளே தொடர்ந்தாள். "என் டீம்ல யாரை அனுப்பறதுன்னு ரெண்டு வாரம் தூக்கமில்லாம உக்காந்து யோசிச்சேன். என்னை அனுப்பறதுக்கு அவங்க அவ்வளவு யோசிக்கல போல. சரி, அது கெடக்கட்டும். இப்ப எனக்கு செவ்வாய்க்கிழமை எல்லாம் ஃப்ரீ. நாம மூணு பேரும் அந்தப் பப்புக்குப் போறோம். உள்ள உக்காந்து க்விஸ் ஆடறோம். ஜெயிக்கறோம்."

இந்தத் திட்டத்தை அவள் ஒரு ப்ராஜெக்ட் மாதிரி நடத்தினாள். எங்கள் காலண்டர்களுக்கு அழைப்பு வந்தது. டிக்கெட் எப்போது எடுக்க வேண்டும் என்று நினைவூட்டல் வந்தது. க்விஸ் இப்போதும் செவ்வாய்க்கிழமைதான் நடக்கிறதா என்று பப்புக்கே போன் செய்து உறுதி செய்துகொண்டாள்.

நியூஜெர்சி நாகர்கோவில்காரி. மருந்துக் கம்பெனியில் புள்ளிவிவர வேலை. சர்ச்சில் ஞாயிறு பூசையைத் தவறவிடாதவள். எங்கள் மூவரில் அவளுக்கு மட்டும்தான் பொய் சொல்ல வராது. அதற்காக உண்மையை முழுதாகச் சொல்லிவிடுவாள் என்றும் எதிர்பார்க்கக் கூடாது.

"ஏட்டி, ஒரு க்விஸுக்கா ஃபிளைட் புடிச்சு வரணும்?" என்றாள் போனில். "சரி, வாறேன். இவ ஒத்தைக்கு வீட்ல இருந்து என்ன செய்வா."

என் வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மகள் ஹெட்ஃபோனைக் கழற்றினாள். அது அபூர்வம். "வெய்ட். யூ ஆர் கோயிங் டு எ பார்? லைக், ஆன் பர்ப்பஸ்?" என்றாள். கணவர் அவ்வளவாக ரசிக்கவில்லை. "அங்க என்ன இருக்கு. சின்னப் பசங்க கத்திட்டு இருப்பானுங்க. உங்களுக்கெல்லாம் செட் ஆகாது" என்றார். பூர்விகச் சொத்தில் வேறு யாரோ வேலி போட வருவதுபோல இருந்தது அவர் முகம்.

இருவரையும் டல்லாஸ் ஏர்போர்ட்டில் ஏற்றிக்கொண்டு தெற்கே ஓட்டினேன். சான் ரமோன் முன்சீட்டில் உட்கார்ந்து போனில் இருந்து எங்களுக்குக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். உயரமான நீர்வீழ்ச்சி எது, எந்த உலோகம் சாதாரண வெப்பத்தில் திரவமாக இருக்கும், எந்த நாட்டுக் கொடி சதுரமாக இருக்கும். நியூஜெர்சி பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டே எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள்.

"பார், நாம இன்னும் ஃபார்ம்லதான் இருக்கோம்" என்றாள் சான் ரமோன். அந்தப் பயணம் முழுக்க அவள் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இடையில் ஒருமுறை போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள்.

ஊர் வளர்ந்திருந்தது. நாங்கள் குடியிருந்த அபார்ட்மென்ட் இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் ஒன்று நின்றது. பப் மட்டும் அதே பலகையோடு அதே இடத்தில் இருந்தது, முன்பைவிட அகலமாக. வாசலில் உயரமான ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த மாணவன் எங்களிடமும் ஐடி கேட்டான். சான் ரமோன் முகம் மலர்ந்துவிட்டது. அவன் லைசென்ஸை வாங்கிப் பிறந்த வருஷத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான். "யூ ஆர் குட், மேம்" என்றான். மலர்ந்த முகம் கொஞ்சம் வாடியது.

உள்ளே வரவேற்ற பெண் எங்கள் மூவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பார் பக்கமா, லாண்ட்ரி பக்கமா?" என்று கேட்டாள்.

எங்களுக்குப் புரியவில்லை. அவளே விளக்கினாள். பார் பக்கம் சத்தமாக இருக்கும். க்விஸ் நாளில் மாணவர் டீம்கள் முன்கூட்டியே பிடித்துவிடுவார்கள். லாண்ட்ரி பக்கம் அமைதி, குடும்பங்கள் விரும்புவது. சில வருஷங்களுக்கு முன் பக்கத்துக் கடையை வாங்கிச் சேர்த்துக்கொண்டார்களாம். எங்கள் பதிலுக்குக் காத்திராமல் மூன்று மெனு அட்டையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

நடுச் சுவரை வளைவாக உடைத்து வழி செய்திருந்தார்கள். அதைத் தாண்டிப் போனதும் மூவரும் நின்றுவிட்டோம். வாஷிங் மெஷின்கள் இருந்தன. மேலே கண்ணாடிப் பலகை போட்டு அவற்றை மேஜைகளாக்கியிருந்தார்கள். டிரையரின் வட்டக் கதவுகளைக் கழற்றிச் சுவரில் வரிசையாக மாட்டி உள்ளே மஞ்சள் விளக்கு வைத்திருந்தார்கள். "இந்த மெஷின் வேலை செய்யாது" என்று கையால் எழுதிய பழைய அட்டை ஒன்றைச் சட்டம் போட்டு, ஓவியக் கண்காட்சியில் வைப்பதுபோலத் தனி விளக்கோடு தொங்கவிட்டிருந்தார்கள். மெனுவில் காக்டெயில்களுக்கு ஒற்றைக் காலுறை, கடைசி அலசல் என்றெல்லாம் பெயர்.

எங்களுக்குக் கொடுத்த மேஜை சுவரோரம் இருந்தது. நியூஜெர்சி உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, பின்னந்தலையால் சுவரை ஒரு தட்டு தட்டிப் பார்த்தாள்.

"நாம இங்கனதான் இருப்போம்" என்றாள்.

சான் ரமோன் உட்காரவே இல்லை. "மூணு ஸ்டேட்ல இருந்து வந்திருக்கோம்டி. மறுபடியும் லாண்ட்ரிலயே உக்காரணுமா?" என்றாள். அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. வேலை போனதைச் சொன்னபோதுகூட அப்படி உடையவில்லை. திரும்பிப் போய் அந்தப் பெண்ணிடம் பார் பக்கம் இடம் கேட்டாள். ஒரு நாற்காலிகூட இல்லை என்று பதில் வந்தது. கவலைப்பட வேண்டாம், க்விஸ் இந்தப் பக்கமும் ஸ்பீக்கரில் நன்றாகக் கேட்கும் என்றாள் அந்தப் பெண். அதை நாங்கள் அறிவோம்.

ஆர்டர் எடுக்க வந்தவள் இருபது வயது மாணவி. பப்புக்கு வருவது இவ்வளவு வருஷக் கனவு என்றாலும், சான் ரமோனுக்கு அசிடிட்டி, அவள் வெறும் சோடா கேட்டாள். நான் வண்டி ஓட்ட வேண்டும், லெமனேட். நியூஜெர்சி மட்டும் மெனுவை இரண்டு பக்கமும் நிதானமாகப் படித்துவிட்டுக் கறுப்பு பியர் ஒன்று சொன்னாள். சாப்பிடுவதற்கு என்று எதையோ சொல்லப்போய், வெள்ளரிக்காய் ஊறுகாயை மாவில் தோய்த்துப் பஜ்ஜி போட்டுக் கொண்டுவந்து வைத்தார்கள். டெக்சாஸில் அது பிரபலம். ஊறுகாயில் பஜ்ஜி போட நமக்கு ஏன் தோன்றவில்லை என்று யோசித்துக்கொண்டே ஒரு தட்டு முழுவதையும் தின்றோம்.

"இதற்கு முன் இங்கே வந்திருக்கிறீர்களா?" என்று அந்த மாணவி பேச்சுக்குக் கேட்டாள்.

"நாங்கள் இங்கே படித்தவர்கள். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வருவோம்" என்றாள் நியூஜெர்சி ஆங்கிலத்தில். "இந்தப் பக்கம்தான் உட்காருவோம். ஒரு க்விஸையும் விட்டதில்லை."

ஒவ்வொரு வாக்கியமும் சுத்தமான உண்மை. அந்தப் பெண் வாயைப் பிளந்தாள். பழைய க்விஸ் ரெகுலர்ஸா என்று கேட்டுவிட்டு ஓடினாள். இரண்டு நிமிஷத்தில் மேனேஜரோடு வந்தாள். மேனேஜருக்கு முப்பது வயது இருக்கும். கடையின் பழைய காலத்தை அறிந்தவர்கள் கிடைப்பதில்லை என்றும், க்விஸ் தொடங்குமுன் நாங்கள் மைக்கில் இரண்டு வார்த்தை பேசினால் மாணவர்கள் சந்தோஷப்படுவார்கள் என்றும் சொன்னான். நான் மறுக்க வாயெடுப்பதற்குள் சான் ரமோன் எழுந்து ஜாக்கெட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"ஷ்யூர்" என்றாள்.

"ஏட்டி, என்னன்னு பேசப் போற?" என்றாள் நியூஜெர்சி.

"நீ ஆரம்பிச்சதைத்தான் முடிக்கப் போறேன்."

பார் பக்கம் போய் அவள் மைக்கைப் பிடித்ததை நான் வளைவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். பத்து வருஷம் நூற்றுக்கணக்கானவர்கள் முன் பேசிப் பழகியவள். ஜெயித்த டீமுக்கு மணி அடிப்பது, யாராவது கண்ணாடி டம்ளரை உடைத்தால் கூட்டமே சேர்ந்து கைதட்டுவது, இடைவேளையில் எப்போதும் போடும் ஒரே கிதார் துண்டு, அது எந்த இடத்தில் விக்கும் என்பதுவரை சொன்னாள். எல்லாம் சுவர் வழியாகக் கேட்டது. ஒன்றைக்கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை. மாணவர்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். இறங்கி வரும்போது அவள் முகத்தில் பழைய வெளிச்சம் இருந்தது. வேலை போன பிறகு அவளை அப்படிக் கேட்க யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் எங்கள் பின்னால் ஒரு குரல் கேட்டது. "அந்தக் கிதார் துண்டை வாசித்தது என் மைத்துனன்" என்றது ஆங்கிலத்தில்.

திரும்புவதற்கு முன்பே மூவருக்கும் தெரிந்துவிட்டது. நியூஜெர்சி என் கையைப் பிடித்தாள். இரண்டு வருஷம் முதுகில் கேட்ட குரல். எங்கள் கற்பனையில் அவருக்கு ஆறடி உயரமும் நீண்ட தாடியும் உண்டு. நின்றுகொண்டிருந்தவர் என் தோளுயரம்தான் இருந்தார். வழித்த முகம், காதில் மெஷின், கையில் அரை டம்ளர் பியர். க்விஸ் நடத்துவதை எப்போதோ விட்டுவிட்டாராம். ஆனாலும் செவ்வாய்க்கிழமை வந்து ஒரு ஓரத்தில் உட்காருவாராம்.

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "உங்களை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது" என்றார். "மூன்று பெண்கள். ஜன்னலோர மேஜை. நீதான் சிவப்பு ஜாக்கெட்" என்று என்னைக் காட்டினார். "எப்போதும் நீங்கள்தான் ஜெயிப்பீர்கள்."

என்னிடம் சிவப்பு ஜாக்கெட் இருந்ததே இல்லை. எப்போதும் நாங்கள்தான் ஜெயிப்போம் என்பது மட்டும் சரி. சான் ரமோன் பெருமையாகத் தலையாட்டினாள். நானும் சிரித்து வைத்தேன். நியூஜெர்சிக்குத்தான் பொறுக்கவில்லை. மற்றவர்களாகத் தப்பாகப் புரிந்துகொண்டால் அவளுக்குப் பரவாயில்லை. ஒருவர் நேருக்கு நேர் நின்று தன்னைப் பார்த்ததாகச் சொல்லும்போது சும்மா இருக்க அவளால் முடியாது.

"சார், நாங்கள் உள்ளே வந்ததே இல்லை" என்றாள். "இன்றைக்குத்தான் முதல் தடவை. அப்போது இது லாண்ட்ரி. நாங்கள் துணி துவைக்க வருவோம். சுவர் வழியாகத்தான் உங்களைக் கேட்டிருக்கிறோம்."

சான் ரமோன் அவள் காலை மிதித்தாள். கிழவர் நியூஜெர்சியை இரக்கமாகப் பார்த்தார்.

"இல்லையம்மா" என்றார். "லாண்ட்ரி தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. இது சாமான் போட்டுவைக்கும் அறை."

"இந்த மெஷின்கள்?"

"அலங்காரம் செய்தவன் எங்கிருந்தோ வாங்கி வந்தான்." மேனேஜரைப் பார்த்தார். அவன் தோளைக் குலுக்கினான், அவனுக்கு அப்போது ஐந்து வயது இருந்திருக்கும். கிழவர் நியூஜெர்சியின் தோளைத் தட்டினார். "வயதானால் இப்படித்தான். எனக்கும் சில சமயம் குழம்பும். கவலைப்படாதே."

பொய் சொல்ல வராதவள் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்காமலே முழு உண்மையையும் சொல்லியிருந்தாள். கிடைத்தது ஆறுதல். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக, அவருடைய பழைய குரலின் ஏற்ற இறக்கம் ஒன்றுவிடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள்: "பென்சில்களைக் கீழே வையுங்கள். மனசாட்சியைக் கையில் எடுங்கள். பக்கத்து மேஜைக்காரர் உங்களைவிட முட்டாள், அவர் பதிலைப் பார்க்காதீர்கள்."

ஒவ்வொரு சுற்று முடிவிலும் அவர் சொல்வது அது. எங்களுக்கு மனப்பாடம். லாண்ட்ரியில் துணி மடிக்கும்போது நாங்களே சொல்லிச் சிரித்துக்கொள்வோம்.

கிழவர் டம்ளரை மேஜையில் வைத்தார். "இதை யாரும் நினைவு வைத்திருந்ததில்லை" என்றார். "பழைய பையன்கள் பலர் வருகிறார்கள். கட்டிப்பிடிக்கிறார்கள். குடித்ததைச் சொல்கிறார்கள், விழுந்ததைச் சொல்கிறார்கள். நான் என்ன கேட்டேன், என்ன சொன்னேன் என்று ஒருவனுக்கும் தெரியாது. உள்ளே அவ்வளவு சத்தம். நான் பேசியது எவன் காதிலும் விழுவதில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்." இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். நியூஜெர்சி சொன்னாள். காது மெஷினைத் திருகிவிட்டு, அவர் மூன்றாவது தடவையும் கேட்டார்.

அவர் பேச்சைக் கவனித்துக் கேட்ட கூட்டம் சுவருக்கு இந்தப் பக்கம்தான் இருந்தது என்று அவருக்கு விளக்க எங்களில் யாரும் மறுபடி முயலவில்லை.

க்விஸ் ஆறு மணிக்குத் தொடங்கியது. இப்போது பென்சில் கிடையாது. எல்லாம் போனில். டீம் பெயர் கேட்டபோது சான் ரமோன் "தி ரெகுலர்ஸ்" என்று போட்டாள். முதல் சுற்று முழுக்க வீடியோ கேம். இரண்டாவது சுற்றில் பாட்டுத் துண்டுகளைப் போட்டுப் பாடகர் யார் என்று கேட்டார்கள். ஒரு துண்டு என் மகள் குளிக்கும்போது பாடுவது என்று தெரிந்தது. அதற்கு மேல் தெரியவில்லை. மகளுக்கு மெசேஜ் அனுப்பிக் கேட்கலாமா என்றேன். மனசாட்சியைக் கையில் எடுத்துக்கொண்டு நியூஜெர்சி கூடாது என்றாள்.

மூன்றாவது சுற்றில் ஒரு கேள்வி எங்களுக்கென்றே வந்ததுபோல வந்தது. இந்தியாவின் தேசிய நீர்வாழ் உயிரினம் எது? பக்கத்து மேஜையில் தலைகீழாகத் தொப்பி போட்ட நான்கு மாணவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள், அசந்தால் பார்த்து எழுதிவிடுவார்கள் போல. நாங்கள் தலையோடு தலை வைத்துக்கொண்டோம்.

"ஆமை" என்றேன்.

"டால்ஃபினோ என்னவோன்னு படிச்ச மாதிரி இருக்கு" என்றாள் நியூஜெர்சி.

"டால்ஃபினா? அது இந்தியாவுல எங்கடி இருக்கு? முதலை. ஐ ஆம் ஷ்யூர்" என்றாள் சான் ரமோன். டைரக்டர் குரல். அந்தக் குரலுக்கு முன்னால் எத்தனையோ பேர் சரியான பதிலை விழுங்கியிருப்பார்கள் என்று அப்போது புரிந்தது. நாங்களும் விழுங்கினோம். முதலை என்று போட்டோம்.

விடை டால்ஃபின். பக்கத்து மேஜைப் பையன்கள் டால்ஃபின் என்றே போட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் எங்களைப் பார்த்து, பரவாயில்லை என்பதுபோலக் கட்டைவிரலை உயர்த்தினான்.

மொத்தத்தில் கடைசிக்கு முந்தின இடம் வந்தோம். கடைசி டீமின் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. மணி பார் பக்கம் அடித்தது. நாங்கள் கைதட்டினோம். சான் ரமோன் கொஞ்ச நேரம் ஸ்கோரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளாகவே சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் மெதுவாக, பிறகு தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர.

"முதலைடி" என்றாள். "மூணு இந்தியாக்காரிங்க உக்காந்து முதலைன்னு போட்டிருக்கோம். என்னை லே ஆஃப் பண்ணினது சரிதான்."

அவள் சிரித்துக்கொண்டே அழுதாள் என்றுதான் நினைக்கிறேன். விசாரிக்காமல், மிச்சமிருந்த ஊறுகாய்ப் பஜ்ஜியை அவள் பக்கம் நகர்த்தினேன். நியூஜெர்சி தன் பியரை நகர்த்தினாள். அசிடிட்டியை மறந்து அவள் அதில் பாதியைக் குடித்தாள்.

கிளம்புமுன் மேனேஜர் எங்கள் மூவரையும் கிழவரோடு நிறுத்தி, டிரையர் கதவு விளக்குக்குக் கீழே படம் எடுத்தான். மறுநாள் காலை நாங்கள் ஹோட்டலில் தோசைக்கல் மாதிரி இருந்த வாஃபிள் மெஷினோடு போராடிக்கொண்டிருந்தபோது அந்தப் படம் பப்பின் இணையப் பக்கத்தில் வந்துவிட்டது. அந்தக் காலத்துச் செவ்வாய்க்கிழமை ராணிகள் என்று தலைப்பு. யாரோ அதை எங்கள் பழைய சீனியர்களின் வாட்ஸாப் குரூப்பில் போட்டிருக்கிறார்கள். என் கணவர் போன் செய்தார்.

"குரூப்ல உங்க படம் ஓடுது" என்றார்.

"என்ன சொல்றாங்க?"

"ஒருத்தன் உங்களை ஜன்னலோரம் பார்த்த ஞாபகம் இருக்குங்கறான். இன்னொருத்தன் நீங்க ஜெயிச்சப்ப மணி அடிச்சதே அவன்தானாம்." கொஞ்சம் நிறுத்தினார். "நீ எங்கிட்ட சொன்னதே இல்லையே."

"எதைங்க?"

"உள்ள வருவேன்னு."

நான் நியூஜெர்சியைப் பார்த்தேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் அவள் உண்மை சொல்லிப் பட்ட பாடு எனக்கு நினைவிருந்தது. "வீட்டுக்கு வந்து சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் நம்பியதுபோல எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து என்னிடம் பேசும்போது அவருக்குக் கொஞ்சம் மரியாதை கூடியிருக்கிறது. அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கும் மனமில்லை.

சான் ரமோனுக்கு டிசம்பரில் வேறு வேலை கிடைத்தது. சின்னக் கம்பெனி, டைரக்டர் பதவியில்லை, அவளுக்குக் கீழே யாரும் கிடையாது. நிம்மதியாக இருக்கிறது என்கிறாள். இந்த வருஷம் என் பிறந்தநாளுக்குப் போன் வந்தது, அன்றைக்கே.

இதெல்லாம் பின்னால் நடந்தவை. அன்று காலை அவர்களை ஏர்போர்ட்டில் இறக்கிவிடப் போகும்போது நியூஜெர்சி வழி நெடுக ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். டல்லாஸ் கட்டடங்கள் தெரிய ஆரம்பித்ததும் பின்சீட்டிலிருந்து பேசினாள்.

"ஏட்டி, சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போணும். ஃபாதர்ட்ட இதை எப்படிச் சொல்ல? நான் சொன்னது எல்லாம் உண்மை. கேட்டவங்க நம்பினது எல்லாம் பொய். இது யாரு கணக்குல வரும்?"

சான் ரமோன் கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொண்டே, "சொல்லாதடி" என்றாள். "நாம லாண்ட்ரிலதான் இருந்தோம்னு சொன்னா அவரும் நம்ப மாட்டார்."

ஏர்போர்ட் போகும் எக்ஸிட் வலது பக்கம் வந்தது. லேன் மாறினேன்.